நெருக்கமான வலை

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் அருளப்பன், வேலை முடிந்து வந்தால் பின்பக்கமாகப் போய்க் குளித்த பிறகுதான் குழந்தையைத் தொடுவான். அதற்குள் அது பெரும்பாலும் தூங்கியிருக்கும். அப்படியும் குழந்தைக்கு இளைப்பு நிற்கவில்லை.

"நம்ம ஊருக்கு இந்த ஃபில்டர் ஆகாதுக்கா. நெருக்கமான வலையா போட்டிருக்கேன், பத்து நாள் கழிச்சுக் கழட்டிப் பாருங்க" என்று அவன் மனைவி ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார் ஏ.சி. மெக்கானிக்.

மறுநாளே அருளப்பன் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போனான். பதினோராம் நாள் காலை திரும்பியவன், பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வேலைக்குப் போய்விட்டான்.

மத்தியானம் ஜெசிந்தா ஸ்டூலில் ஏறி வலையை உருவினாள். வெள்ளையாகப் போனது கறுப்பாக வந்தது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். அவன் சட்டைக் காலரில் அவள் தினமும் கசக்கி எடுக்கிற அதே கரி. இந்தப் பத்து நாளும் அந்தச் சட்டை வீட்டுக்கே வரவில்லை.

சாயங்காலம் அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பினான். ஜெசிந்தா குழந்தையோடு முன்வாசலில் நின்றாள்.

"பிள்ளைய வாங்குங்க."

"மேலெல்லாம் கரி ஜெசி. குளிச்சிட்டு வந்துருதேன்."

"வாங்குங்கன்னா."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். குழந்தை தாவியது.