உப்புப் பார்க்கப் போனவள்

சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த போனை வைத்துவிட்டு ரதிவோய் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"என்னங்க சொன்னாங்க?" என்றாள் மனைவி தெசாங்கா.

"காலையில சோதனைக்குக் குடுத்த பன்னிக்கறியில புழு இருக்காம். ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாதாம். யாராவது சாப்பிட்டிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணுமாம்."

"அடக் கடவுளே! நல்லவேளை, ரிசல்ட் வரட்டும்னு நம்ம பன்னியைத் தொடவே இல்ல. கொட்டகையில அப்படியே தொங்குது. அதுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"நெவேனா எங்க?"

"பக்கத்து வீட்டுல. மிலுதின் அண்ணனும் இன்னைக்குத்தானே பன்னி அடிச்சாரு? அவருதான் சோதனையே வேணாம்னுட்டாரே, சாசேஜுக்குக் கைமா பிசையுறாங்க. பச்சைக் கைமாவை வாயில போட்டு உப்புப் பாக்குறதுல நம்ம பொண்ணை அடிச்சுக்க ஆளே கிடையாது."

ரதிவோய் செருப்புகூடப் போடாமல் பனியில் இறங்கி ஓடினான்.

"எங்கங்க ஓடுறீங்க?"

"நம்ம பன்னி எலியைப் பிடிச்சுத் தின்னுச்சுடி! எலி தின்ன பன்னிக்குப் புழு இருக்கும், சோதனையில தேறாதுன்னு பயந்து, காலையில ஒத்தாசைக்குப் போனப்ப மிலுதினோட பன்னியில வெட்டின துண்டைத்தான் சோதனைக்குக் குடுத்தேன்!"

வேலிக்கு அப்பாலிருந்து நெவேனாவின் குரல் கேட்டது.

"உப்புப் பத்தல மாமா. இன்னொரு வாய் குடுங்க, பாக்குறேன்!"