துருப்பிடித்த குழாயும் ஒரு சதுர பேட்டரியும்

பரணில் ஏறி டார்ச் அடித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

வீட்டைச் சூடாக்க நிலவறையில் எரியும் கேஸ் உலையின் புகையை வெளியேற்றும் தகரக் குழாய், கூரைக்குக் கீழே துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

உதிர்ந்த துரு கீழ் வளைவில் அடைத்துக்கொண்டு, நஞ்சுப் புகையில் பாதி வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

"காலையில தலை பிளக்குது. வெளிய போய் பனி வாரினா சரியாயிடுது" என்றுதான் ரெய்னோ போனில் சொல்லியிருந்தார், பனி வாருவது ஏதோ கைவைத்தியம் என்பதுபோல.

எழுபத்தெட்டு வயது. மனைவி லெம்பி இறந்து நான்கு வருடம். வீட்டில் அவர் ஒருவர்தான்.

பரணுக்கு ஏறும் வழி படுக்கையறை அலமாரிக்குள் இருந்தது. நான் ஏணி வைப்பதற்கு முன் லெம்பியின் கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் கிடத்தி, தூசி படாமல் போர்வை போர்த்தினார். எனக்குப் பொறுமை இல்லை. பழுது பார்க்க இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது.

குழாய் ஏன் இப்படி ஆனது என்று கேட்கவே வேண்டியதில்லை. சமையலறையையும் அதை ஒட்டிய சின்ன அறையையும் தவிர எல்லாக் கதவுகளையும் சாத்தி, சூடு வரும் துவாரங்களைப் பழைய கம்பளியால் அடைத்திருந்தார். இரண்டு அறை சூடாக எவ்வளவு நேரம் ஆகும்? உலை ஐந்து நிமிடம் எரியும், அணையும். குழாய் சூடேறுவதற்குள் அணைந்துவிட்டால், புகையில் இருக்கும் ஈரம் உள்ளேயே வியர்க்கும். வியர்த்து வியர்த்தே அரித்துவிட்டது.

"ஒரு ஆளுக்கு எதுக்குப்பா ஆறு ரூமுக்கும் சூடு?" என்றார்.

ஆறு அறை வீட்டில் ஒரே ஆள் இருந்தால் குழாய்கூடத் தாங்காது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆனால் நடையில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. இந்தப் புகை வந்தால் அலறி எழுப்புவதற்கென்றே இருக்கும் கருவி. மூடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

"பேட்டரி எங்க?"

"போன மாசப் புயல்ல கரண்ட் போச்சுல்ல. வேற ஒண்ணுக்குத் தேவைப்பட்டுச்சு."

சமையலறை ஜன்னலில் இருந்த ரேடியோ கண்ணில் பட்டது.

"உசிர விட ஹாக்கி மேட்ச் கேக்குற ரேடியோ பெருசாப் போச்சா, பெரியவரே?"

அவர் என்னைச் சமையலறை மேஜைக்குக் கூட்டிப் போனார். என் கோப்பையில் காபியை நிரப்பி, ஏலக்காய் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தட்டுக்கு இடம் பண்ண, போனையும் அதனுடன் ஒயரில் இணைத்திருந்த பழைய கறுப்புப் பெட்டியையும் இரண்டு கையாலும் பத்திரமாகத் தள்ளி வைத்தார்.

பழைய குழாயைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கினேன். இரட்டைச் சுவருள்ள புதுக் குழாய்களைத் திருகிப் பூட்டினேன். பக்கத்து ஏரியிலிருந்து வந்த குளிர்காற்று பரணில் சீறியது. கடைசி இணைப்புக்கு வரும்போது விரல்கள் மரத்துவிட்டன. பூட்டிய சத்தம் கேட்டதா இல்லையா என்று சந்தேகம். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

உலையை மூட்டி, அணைத்த தீக்குச்சியின் புகையைக் காட்டினேன். குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. நஞ்சுப் புகையை அளக்கும் என் கருவி பூஜ்யம் காட்டியது. வண்டியில் இருந்த சதுர பேட்டரி ஒன்றை நடையில் இருந்த கருவியில் போட்டேன்.

"கதவையெல்லாம் திறந்து வைங்க. இல்லன்னா இதுவும் அரிச்சுப் போயிடும்."

தலையாட்டினார். திறக்கமாட்டார் என்று தெரியும்.

வாசல் வரை வந்து, "அந்த பேட்டரி இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"ரேடியோ பட்டினி கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

புகை ஏறிய வீட்டுக்கு அன்று மாலையே போன் செய்து விசாரிப்பது என் வழக்கம். ஆறு மணிக்கு அடித்தேன்.

எடுக்கவில்லை.

போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கை நீட்டினால் போதும்.

மூன்றாவது முறை மணி அடித்தது. அந்தக் கடைசி இணைப்பு. சத்தம் கேட்டதா? இழுத்துப் பார்த்தது போதுமா?

நான்காவது முறையும் அடித்தது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது ஒரு பெண் பேசினாள்.

"ரெய்னோவும் லெம்பியும் இப்ப வீட்டுல இல்ல. சௌனா ரூம்ல, நீராவியில வேர்த்துக்கிட்டு இருப்போம். சேதி இருந்தா சொல்லுங்க. ரெய்னோ, கதவைச் சாத்துப்பா, சூடெல்லாம் வெளிய போகுது!"

பின்னால் ஓர் ஆண் சிரிக்கும் சத்தம்.

போனை யாரும் எடுக்காவிட்டால் பதிந்து வைத்த குரலில் பதில் சொல்லும் மெஷின்தான் அந்தக் கறுப்புப் பெட்டி. அந்த மாதிரிப் பழைய மெஷின்களை எனக்குத் தெரியும். கரண்ட் போனால் பதிந்து வைத்த குரல் அழிந்துவிடும். உள்ளே ஒரு சதுர பேட்டரி இருந்தால் மட்டும் அழியாது.

'பீப்' சத்தம் முடிந்த மறுகணம் அவர் எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்பா. அவ பேசி முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். யாராவது கூப்பிட்டாத்தானே அவ பேசுவா. எனக்கு யாரு கூப்பிடுறா?"

வெட்கமாக இருந்தது.

"போனை வைங்க பெரியவரே" என்றேன். "மறுபடி அடிக்கிறேன். எடுக்காதீங்க."