நாகராசு கை நடுக்கம்

"நிறுத்துய்யா!"ன்னு கத்தப் போனேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. கத்துனா பதறிப்போய் ஏடாகூடமா இழுத்துட்டான்னா? அடக்கிக்கிட்டேன்.

சலூன்கார நாகராசு கையில சவரக்கத்தி. அது இருந்தது ரிட்டயர்டு கண்டக்டர் செபமாலை அண்ணன் கழுத்துல. கத்தி பிடிச்ச கையும் ஆடுது, தாடையைப் பிடிச்ச கையும் ஆடுது. அந்த மனுசரோ மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, கண்ணை மூடி நிம்மதியாச் சாஞ்சு கிடக்கார். வாழ்க்கையே வெறுத்துப் போச்சோ என்னவோ!

நான் வந்தது வேற விசயமா. விடிஞ்சா அக்கா மகன் நிலவழகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைச் சவரம் தாய்மாமன் பொறுப்பு. பிரஷ்ஷால சோப்பு நுரைச்சு, கத்தியால வழிச்சாத்தான் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும்னு அக்கா ஒத்தக்கால்ல நிக்குது. கந்தர்வக்கோட்டையில அதுக்கு நாகராசைத்தான் சொல்லுவாங்க. நானும் சொல்லி வச்சுட்டேன்.

அப்புறந்தான் அவனுக்குக் கை நடுங்குதுன்னு காதுல விழுந்துச்சு. எதுக்கும் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போவோம்னு வந்தேன். பார்த்தாச்சு.

செபமாலை அண்ணன் முகத்தைத் துடைச்சுவிட்டு முடிச்சதும் ஆரம்பிச்சேன்.

"என்னப்பா இது, கை இந்த ஆட்டம் ஆடுது? தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளை மூஞ்சியில பிளாஸ்திரியோட உட்காரணுமா?"

இல்லவே இல்லைன்னு சண்டைக்கு வருவான்னு பார்த்தேன். நாகராசு செபமாலை அண்ணனை ஒரு பார்வை பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"ஆமாண்ணே. கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்கு."

"ஊத்திக்கிறியா?"

குனிஞ்ச தலையோட கத்தியைக் கழுவ ஆரம்பிச்சான்.

"சொல்லித் தொலைக்க வேணாமா? நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

"சரிண்ணே." முகம் செத்துப் போச்சு அவனுக்கு.

வண்டியை எடுக்கப் போனேன். பின்னாடியே வந்து செபமாலை அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"வேணாம் தம்பி, அப்படிச் செய்யாதீங்க." தலை இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுச்சு. "கல்யாணத்துக்கு நீங்களே வேணாம்னுட்டா, அப்புறம் அவன் கடைப் படியை எவன் மிதிப்பான்? நடுக்கம் இருக்கு, இல்லேங்கல. தாடையைப் பிடிச்சான்னா என் தலையும் சேர்ந்துல்ல ஆடுது, அம்புட்டு நடுக்கம்! அதுக்காக விட்டுற முடியுமா? அதான் நாள் தவறாம வந்து உட்கார்றேன். பயப்படாமப் போடுறா, நான் இருக்கேன்னு தைரியம் சொல்றேன்."

எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்தவன் பொழைப்புக்காக இந்த மனுசர் கழுத்தையே நீட்டுறாரு. நான் என்னடான்னா, நடுக்கடையில வச்சு மானத்தை வாங்கிட்டு வந்திருக்கேன்.

சரி, மருமகன் கழுத்தைக் குடுக்குறதுக்கு முன்னாடி என் கழுத்தைக் குடுத்துப் பார்ப்போம். திரும்பிப் போய் நாற்காலியில உட்கார்ந்தேன்.

"எனக்குப் போடு."

பிளேடைப் பாதியா ஒடிச்சுக் கத்தியில மாட்டினான். பிரஷ்ஷைச் சுழட்டச் சுழட்ட நுரை வெதுவெதுன்னு கன்னத்துல ஏறுச்சு. கத்தி காதுகிட்ட வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக் குலசாமியைக் கூப்பிட்டேன்.

ஒண்ணுமே தெரியல. சர்ருன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. மெதுவாக் கண்ணைத் திறந்து எதிர்ல இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். என் தொண்டைக்குழி மேல அவன் கை கல்லு மாதிரி நின்னுச்சு.

"ஏப்பா, நடுக்கம் எங்க போச்சு?"

நாகராசு கண்ணாடியை மட்டும் காட்டினான். அதுல எனக்குப் பின்னால இருக்குற தெரு தெரிஞ்சுச்சு. எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல செபமாலை அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துல பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. தலை மட்டும் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

ஆத்தாடி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆடுற கழுத்துக்குத் தக்கனையாக் கையை ஆட்டி, ஒரு கீறல் விழாம வழிச்சிருக்கான். அதுவும் தினந்தினம்!

"எப்படிப்பா முடியுது?"

"ஓடுற பஸ்ஸுல ஏறுற மாதிரிதாண்ணே. கூடவே ஓடிட்டா விழமாட்டோம்."

"சாமி, நாளைக்கு நீதான் மாப்பிள்ளைக்குக் கத்தி வைக்கணும். ஆனா, ஊரே உன்னைக் குடிகாரன்னு பேசுதே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நாகராசு கத்தியை எடுத்துட்டான்.

"அவருகிட்ட ஒண்ணும் சொல்லிப்புடாதீங்கண்ணே. சம்சாரம் தவறுனதுலேர்ந்து வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தவரு. இப்ப தினமும் வெளிய வர்றதே எனக்குத் தைரியம் சொல்லத்தான்."