அளந்து அழுகிற வீடு

இரண்டு சொட்டுக் கண்ணீர் போதும் என்றுதான் வண்டியில் வரும்போது பேசி வைத்திருந்தார்கள்.

கைக்குட்டையால் ஒற்றிக்கொள்ள வேண்டும், துடைக்கக் கூடாது. பெரிய வீட்டுப் பெண்கள் துடைக்க மாட்டார்கள்.

லிஸ்ஸிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. லண்டன் பெரிய மனிதர்களின் வரவேற்பறைகளில் ஒரு வருடமாக அவள் மிஸ் ஹொனோரியா வேன். ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்து காலமான கனவான் ஒருவரின் ஒரே மகள். தோட்டமும் பொய், கனவானும் பொய். அவள் பின்னாலேயே பவ்யமாக நடந்து வருகிற வேலைக்காரி ஹெஸ்டர், கூடப்பிறந்த அக்கா.

மற்றவர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள். லேடி மெரிவேல் மட்டும்தான் பாக்கி.

அவளுடைய மகன் லயனல், கட்டினால் ஹொனோரியாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இன்றைக்கு இந்தத் துக்க வீட்டில் நல்ல பெயர் வாங்கிவிட்டால் கல்யாணம் நடந்த மாதிரிதான். சொதப்பினால் லேடி மெரிவேல் வக்கீலை விட்டு விசாரிப்பாள். அக்கா தங்கை இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

இறங்கும்போது ஹெஸ்டர் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "இன்னிக்கு ஒரு நாள் தாக்குப்பிடிடீ. அப்புறம் என்ன வேணா செய்யலாம்."

செத்துப்போனவர் லேடி மெரிவேலின் கணவருடைய அண்ணன், சர் ஹ்யூபர்ட். யாரையாவது வையாவிட்டால் ஒரு வேளைச் சோறு இறங்காத மனுஷர். கூடத்தில் தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தி அத்தனை பேர் நின்றார்கள். ஒரு கண்கூட ஈரமில்லை. உயிலில் என்ன எழுதியிருக்கிறாரோ என்கிற கவலைதான் முகத்துக்கு முகம் தெரிந்தது.

லிஸ்ஸி நிதானமாக நடந்து சவப்பெட்டி அருகே போனாள்.

தேக்குப் பெட்டி. உள்ளே வெள்ளைப் பட்டு. கிழவரின் தலைக்குக் கீழே, ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்த குட்டித் தலையணை ஒன்று இருந்தது.

அவள் அந்தத் தலையணையைப் பார்த்தாள்.

அடுத்த கணம் எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சத்தம். அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஓலம். அவள் வளர்ந்த பெர்மண்ட்சிச் சேரிச் சந்துகளில் பெண்கள் தரையில் விழுந்து வைப்பார்களே, அந்த ஓலம். முழங்கால் மடங்கி, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, வாய் கோண அழுதாள்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அடக் கண்றாவியே, மீன்காரி மாதிரி இல்ல கத்தறா!" யாரோ ஒரு தூரத்து உறவுக்காரி விசிறிக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

ஹெஸ்டர் ஓடிவந்து இடுப்பைக் கிள்ளினாள். "போதும்மா, எந்திரிங்கம்மா" என்று வேலைக்காரியின் குரலில் கெஞ்சினாள். பாவம் லயனல், தன் பெரியப்பாவுக்காக இவ்வளவு உருகுகிறாளே என்று கண் கலங்கி நின்றான்.

லிஸ்ஸியால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை, அவ்வளவுதான்.

லேடி மெரிவேல் எழுந்து வந்தாள். லிஸ்ஸியைத் தோளோடு அணைத்துத் தூக்கி, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். பின்னால் வந்த ஹெஸ்டரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள் லிஸ்ஸி.

"இந்தாம்மா, தண்ணியைக் குடி."

அவள் குடித்து முடிக்கும்வரை லேடி மெரிவேல் காத்திருந்தாள்.

"ஹ்யூபர்ட்டுக்காக அவரைப் பெத்தவளே இப்படி அழுதிருக்க மாட்டா. நான் ஒரே ஒரு தடவை இப்படி அழுதிருக்கேன், சின்னப் பெட்டி ஒண்ணு முன்னாடி. எங்க மாமியார் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாங்க." கிழவி கேட்டாள். "குழந்தைக்கு என்ன வயசு?"

எந்தக் குழந்தை என்று கேட்டால் போதும். கல்யாணமாகாத பெண்ணிடம் இது என்ன கேள்வி என்று முகம் சிவந்தால் போதும். லயனல் இருப்பான், இந்த வீடு இருக்கும், வக்கீல் வரமாட்டான். பொய் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது.

நேற்று விடியற்காலையில், கூலிக்குப் பிள்ளை பார்த்துக்கொள்கிற ஒருத்தியின் ஓதம் ஏறிய அறையில், லிஸ்ஸியின் மகளுடைய இருமல் நின்றுபோயிருந்தது. இந்நேரம் தலைக்கு ஒரு தலையணைகூட இல்லாமல் ஊர்ப் பொதுக்குழியில் போட்டு மண் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பெற்றவளும் பெரியம்மாவும் யாரோ ஒரு கிழவனுக்குத் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். இத்தனை பித்தலாட்டமும் எதற்கு? அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து இந்த வீட்டுக் கணப்பின் பக்கத்தில் உட்காரவைக்கத்தானே?

வெளியே லயனல் கதவைத் தட்டினான். "அம்மா, ஹொனோரியாவுக்கு ஒண்ணுமில்லையே?"

லிஸ்ஸி கதவைப் பார்த்தாள். பிறகு கிழவியைப் பார்த்தாள். நேற்றிலிருந்து குழந்தையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டது இவள் ஒருத்திதான்.

"நாலு" என்றாள், பெர்மண்ட்சிப் பேச்சிலேயே. "மார்ச்சு வந்தா அஞ்சு. மின்னின்னு பேருங்க."