கொடிக்கம்பம் காணோம்

"இது ஆரு வேலைன்னு எனக்குத் தெரியுமுங்க! அவனை உள்ள தள்ளாம உட மாட்டேன்!"

பஸ் ஸ்டாப்புல காளிச்சாமி போட்ட சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டுது. அவரு கட்சிக் கொடிக்கம்பத்தை ராவோட ராவா ஆரோ புடுங்கிட்டுப் போயிட்டாங்க.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் எதிர்க்கட்சித் தம்பிதுரை. அவரு கம்பத்தையும் காணோம், அவரும் பதிலுக்குக் கத்தினாரு.

"என் கம்பத்தைப் புடுங்கிப்போட்டு, சந்தேகம் வரக்கூடாதுன்னு தன் கம்பத்தையும் தானே புடுங்கிட்டானுங்க! நாடகம்! அத்தனையும் நாடகம்!"

எனக்கு வந்துது பாருங்க ஆத்தரம். இங்க பள்ளிக்கூடமே போகப்போகுது, இவுங்களுக்குக் கம்பம் ஒரு கேடு!

நான் அந்தப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கற ராசாத்தாள். வைகாசிக் காத்துல கூரை பறந்துபோச்சு. செவுரு மட்டுந்தான் நிக்குது. பாக்க வந்த அதிகாரி கறாராச் சொல்லிப்போட்டாரு.

"திங்கக்கிழமை வருவேன். கூரை இல்லேன்னா ஸ்கூலை மூடிட்டு, பிள்ளைங்களை மெயின் ரோட்டைத் தாண்டி இருக்கற ஸ்கூலுக்கு மாத்திடுவேன்."

பல்லடம் ரோடுங்க அது. கோழி லோடு ஏத்தின லாரி நிக்காமப் போகும். நாப்பத்தி மூணு குழந்தைக தெனமும் அதைத் தாண்டோணும். என்ற வேலையும் அதோட சரி.

பெரிய டீச்சர் உம்மல் குல்சும் ஊடு ஊடா ஏறி எறங்கினாங்க. மில்லுக்காரர் லட்சுமணசாமி தகரம் குடுத்தாரு. வெல்டிங் பட்டறை அமீர் ஹம்சா, "கூலி வேண்டாமுங்க டீச்சர்"னு சொல்லிட்டாரு. தகரத்தைத் தாங்க நாலு நீளப் பைப்புதான் பாக்கி.

கம்பம் காணாமப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னால, பைப்பு கேட்டு நானும் டீச்சரும் காளிச்சாமி ஊட்டுக்குப் போனோம்.

"தம்பிதுரைகிட்டயும் கேக்கறீங்களா? அப்ப என்னை உட்ருங்க டீச்சர். அவனோட சேந்து ஒரு காரியம் செஞ்சேன்னு தெரிஞ்சா, கட்சியை உட்டே தூக்கிருவாங்க."

தம்பிதுரை ஊட்டுலயும் அதே பேச்சு. பேருதான் வேற.

திரும்பி வரும்போது டீச்சர் முந்தானையில கண்ணைத் தொடச்சாங்க. எனக்கு ரெண்டு பேரையும் நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும்னு இருந்துது.

கம்பம் காணாமப் போன மறுநாள் காத்தால அரிசி களையப் போறேன், செவுத்து மேல நாலு நீளப் பைப்பு! புதுசா வெள்ளைப் பெயிண்டு. மேல ஏறி ஹம்சா தகரத்தை முடுக்கிட்டிருக்காரு.

காணாமப் போன கம்பம் ரெண்டும் ஞாபகத்துக்கு வந்துது.

"ஏனுங் பாய், இது எங்கிருந்து வந்துது?"

"ஆண்டவன் குடுத்தானுங்க்கா."

டீச்சரும் பாத்துப்போட்டாங்க.

"ராசாத்தா, நானே போய்ச் சொல்லிடறேன். திருட்டுச் சாமானுக்கு அடியில பிள்ளைங்களை உக்கார வெக்க மாட்டேன். பள்ளிக்கூடம் போனாப் போகட்டும்."

அவுங்க செருப்பை மாட்டறதுக்குள்ள ஜீப் வந்து நின்னுது. எஸ்.ஐ. எறங்கினாரு. பின்னாலயே காளிச்சாமி, அக்கட்டால தம்பிதுரை.

எஸ்.ஐ. மேல பாத்தாரு. ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, பைப்பு முனையைச் சாவியால சொரண்டினாரு. வெள்ளைக்கு அடியில ஒரு கட்சிக் கலரு. பக்கத்துப் பைப்பைச் சொரண்டினாரு. அடுத்த கட்சிக் கலரு.

டீச்சர் வாயைத் தொறக்கப் போனாங்க.

"காளிச்சாமி, இது உங்க கம்பந்தானே?"

காளிச்சாமி அண்ணாந்து பாத்தாரு. உள்ள குழந்தைக இவரையே பாக்குதுக.

"இல்லீங்க சார். எங்க கம்பம் இன்னும் உசரமுங்க."

"தம்பிதுரை?"

"எங்களுது நல்ல தடிமனுங்க சார். இது வேற."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்தாச்சுங்க சார்"னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க.

எஸ்.ஐ. மீசைக்குள்ள சிரிச்சுட்டு ஜீப்புல ஏறினாரு.

அடடா, எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்லைங்க! இவுங்களையா அப்படித் திட்டிட்டிருந்தேன்னு மனசு அடிச்சுக்குச்சு. கையெடுத்துக் கும்பிட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மொறச்சுட்டு ஆளுக்கொரு பக்கம் போனாங்க.

திங்கக்கிழமை அதிகாரி வந்தாரு. கூரையைப் பாத்தாரு, டீச்சரைப் பாத்தாரு.

"ஸ்கூல் இங்கேயே நடக்கட்டும்மா."

குழந்தைக போட்ட கூச்சல்ல தகரமே அதிருச்சு! டீச்சர் அழுதுட்டே சிரிச்சாங்க. நான் முந்தானையை இழுத்துச் சொருகிட்டு, அன்னைக்குச் சோத்தோட பாயாசமும் வெச்சுப்போட்டேன்.

ஹம்சாவுக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்துட்டு, மெதுவாக் கேட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்க பாய். அத்தனை பெரிய கம்பம் ரெண்டை நீங்க ஒத்தை ஆளா எப்படிப் புடுங்கினீங்க?"

"நான் எங்கீங்க்கா புடுங்கினேன்? வந்த கம்பத்தை ரெண்டு ரெண்டா அறுத்து வெல்டிங் வெச்சது மட்டுந்தான் நானுங்க."

"பின்னே ஆரு கொண்டாந்தது?"

ஹம்சா டம்ளரைக் கீழ வெச்சாரு.

"ஒரு முனை காளிச்சாமி தோள்ல, மறு முனை தம்பிதுரை தோள்லயுங்க்கா. ரெண்டு பேரும் ரெண்டு நடை நடந்து எறக்கிப்போட்டு, 'விடிஞ்சா நாங்க ஒருத்தனை ஒருத்தன் திட்டற சத்தம் கேக்கும், பயந்துக்காம வேலையைப் பாருங்க பாய்'னு சொல்லிட்டுப் போனாங்க."