அம்மிமேல் பாதம்

தோட்டத்தில் கைகூப்பி நின்ற பழைய சிமென்ட் பெண் சிலைக்குப் பெயின்ட் அடித்துப் பார்க்கலாம் என்று தென்றலுக்குத் தோன்றியது. அதுவரை அவள் பிரஷ் பிடித்ததில்லை. வேங்கிக்காலுக்குக் குடிவந்ததிலிருந்து பகலெல்லாம் தனிமைதான். பச்சைப் புடவை, மஞ்சள் முகம் என்று பூசிக்கொண்டே வந்து கடைசியாகப் பாதங்களுக்குச் சிவப்பு வைத்தாள். நெற்றிப் பொட்டு மட்டும் கொஞ்சம் கோணிப்போனது.

"கால்ல மெட்டி வரையட்டுமாங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"மெட்டியெல்லாம் நீ போடக் கூடாது, புருஷன்தான் போட்டுவிடணும்" என்றான் புகழேந்தி.

சிரித்துக்கொண்டே வார்னிஷ் வாங்கக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது சிலையின் வலது பாதம், ஓரமாய்க் கிடந்த பழைய அம்மியின் மேல் இருந்தது. கல்யாணத்தன்று அவள் பாதத்தை அவன் தூக்கி வைத்த அதே வாகு. சிமென்ட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. விரலில் வெள்ளி மெட்டி மின்னியது.

புகழேந்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோட்டத்துக்குப் போனீங்களா?"

"நானா? இங்கதான் உக்காந்துனு இருக்கேன்."

ரிமோட்டைப் பிடித்திருந்த அவன் விரல்நுனிகள் சிவந்திருந்தன.

தென்றல் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். மெட்டி இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.