கடைசிப் பெயர்

மேஜைக்குப் பின்னால் தலைமையாசிரியை. அவருக்கு வலப்பக்கம், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பெற்றோர் சங்கத் தலைவி. சுவரோரம் முக்காலியில் பத்தாம் வகுப்பு லீடர் பெண். வாசலில் அட்டெண்டர்.

எதிரே போட்டிருந்த நாற்காலி மட்டும் காலி. அதில் உட்கார வேண்டியவர் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். பட்டாளத்தை விட்டு வந்து, இந்த ஆண்டுதான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தவர்.

“சார், உட்காருங்க.”

அவர் திரும்பவில்லை.

“சார்! உங்களைத்தான்.”

“என்னையா? மன்னிக்கணும்மா.” நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

“வகுப்புல இல்லாத பிள்ளையை இருக்கறதா காட்டறீங்கன்னு புகார். கல்வி ஆபீஸுக்கு இன்னிக்கே பதில் போகணும். நிஜம்னா வேலை போயிடும், தெரியுமில்ல?”

தலைவி முந்திக்கொண்டார். “என் பொண்ணே சொல்றா. தினமும் கடைசியா ‘குருவி’ன்னு கூப்பிடறாராம். அப்படி ஒரு பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துலயே கிடையாது!”

“அப்ப யாரு பதில் சொல்றது?” தலைமையாசிரியை முக்காலிப் பக்கம் திரும்பினார்.

லீடர் பெண் எழுந்தாள். “நாங்கதான் மிஸ், முறை வச்சுக்கிட்டு. முதல் நாள் பின்பெஞ்சுல ஒருத்தி விளையாட்டுக்குத்தான் ‘உள்ளேன் ஐயா’ன்னா. இப்ப சொல்லலைன்னா சார் பாடமே ஆரம்பிக்க மாட்டார். வாசலையே பார்த்துட்டு நிப்பார். பாவமா இருக்கும் மிஸ்.”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யார் சார் அந்தக் குருவி?”

“பட்டாளத்துல தினம் சாயங்காலம் வரிசையில நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாங்கம்மா. குருவிதான் கடைசி. அந்தப் பதில் வந்தப்புறம்தான் கலைவோம்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இப்ப அங்க அந்தப் பேரைக் கூப்பிடறதில்லை.”

தலைவி கைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். “என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும். மன்னிச்சிடுங்கண்ணே.”

“அம்மா, அது வந்து…”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். புரியுது.”

தலைமையாசிரியை மளமளவென்று எழுதினார்: ‘உயிர்நீத்த படைத்தோழரின் நினைவாக அழைக்கப்படும் பெயர். பதிவேட்டில் இல்லை. ஆசிரியர் மீது குற்றமும் இல்லை.’ மடித்து உறையிலிட்டு, கோந்து தடவி ஒட்டினார். அட்டெண்டர் வாங்கிக்கொண்டு ஓடினார். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டைத் தாண்டிப் போனது.

வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி மூக்கை உறிஞ்சினார். “போறப்ப குருவிக்கு என்ன வயசுண்ணே?”

“போகலைங்கம்மா. இங்க எல்லாரும் ‘சார்’ங்கறாங்க, வேற யாரையோ கூப்பிடற மாதிரியே இருக்கு. குருவி நான்தான்.”